ரொட்டியைக் காத்தவன் பிரபு ஆன கதை

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள கென்ட் பகுதியை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதெல்பெர்ட் என்ற அரசன் ஆண்டான். அவன் பெயரில் ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நமக்குத் தெரிந்த சட்டங்களில் அதுவே மிகப் பழையது. கையில் இருப்பது 12ஆம் நூற்றாண்டில் ரோச்செஸ்டர் பேராலயத்தில் எடுத்த பிரதி. பெரும்பாலும் தண்டத்தொகைப் பட்டியல்தான்: காதை அறுத்தவன் 12 ஷில்லிங் கட்ட வேண்டும், முன்பல்லை உடைத்தவன் 6 ஷில்லிங் கட்ட வேண்டும் என்று போகும். அதற்குள் ஒரு வரி, குடியானவன் ஒருவனின் 'ஹ்லாஃப்ஏட்டா'வைக் கொன்றவனும் 6 ஷில்லிங் கட்ட வேண்டும் என்கிறது. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, ஏட்டா என்றால் தின்பவன். ஒருவன் போடும் ரொட்டியைத் தின்று அவன் வீட்டில் வேலை பார்ப்பவனுக்குச் சட்டம் வைத்த பெயரே 'ரொட்டி தின்னி' என்பதுதான். அவன் உயிரின் விலையும் ஒரு முன்பல்லின் விலையும் ஒன்று.

இந்த ரொட்டி தின்னிக்கு மேலே இருப்பவன் யார்? ரொட்டியைக் காப்பவன். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்வெயார்ட்'. 'வெயார்ட்' என்பது காவலன். இன்றைய 'வார்டன்', 'வார்டு' எல்லாம் அந்தச் சொல்லின் உறவினர்கள். பேச்சில் தேய்ந்து அது 'ஹ்லாஃபோர்ட்' ஆயிற்று, பிறகு 'லாவெர்ட்', கடைசியில் 'லார்ட்'. பிரபுக்கள் சபையில் அங்கி போட்டு உட்காரும் லார்டும், தேவாலயத்தில் ஆண்டவர் என்று தொழப்படும் லார்டும், வேரைத் தோண்டினால் களஞ்சியத்துச் சாவியை இடுப்பில் செருகிய வீட்டுத் தலைவன்தான். அவன் மனைவி 'ஹ்லாஃப்டிகே', ரொட்டி மாவு பிசைபவள். அவள்தான் 'லேடி' ஆனாள். சொல்லின் முன்பாதியில் இருந்த ரொட்டி உச்சரிப்பில் கரைந்துபோனதால், இன்று 'லார்ட்' என்று சொல்லும் ஆங்கிலேயனுக்கு ரொட்டி நினைவுக்கே வராது.

தின்னி, காவலன், பிசைபவள் என்று ஒரு வீட்டின் அதிகார அடுக்கு முழுவதும் ஒரே உணவுப் பண்டத்தை வைத்துப் பெயர் பெற்றிருக்கிறது. ஆங்கிலத்தில் ரொட்டியைச் சுற்றி எழுந்த மரபுத்தொடர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ருசியைப் பற்றி அவை அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. யார் கொடுத்தார், யார் வாங்கித் தின்றார், யார் பறித்தார் என்பதே அவற்றின் பேச்சு. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது.

லேடியின் பின்பாதியை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். பிசைதல், குழைத்துப் பூசுதல், மண்ணைப் பிடித்து உருவாக்குதல் என்ற பொருள்களைச் சுமந்த ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து அது வருகிறது. பிசைந்த மாவுக்கான ஆங்கிலச் சொல் 'டோ' அதே வேர்தான். பண்ணையில் மாவு பிசைந்தும் பால் கறந்தும் வேலை பார்த்த பெண்ணுக்கு 'டே' என்று பெயர். அவள் வேலை பார்த்த இடம் 'டெய்ரி'. அதே வேர் சமஸ்கிருதத்தில் 'திஹ்' என்ற வினையாகி, பூசி வனையப்பட்டது என்ற பொருளில் 'தேஹ' என்ற பெயர்ச்சொல்லைத் தந்தது. நாம் தேகம் என்கிறோமே, அதுதான். பேக்கரியில் பிசைந்து வைத்த மாவும் லேடியும் தேகமும் தூரத்துச் சொந்தம். சொல் ஒலியை மட்டும் வைத்து இப்படி உறவு கட்டும் ஆசை நம்மூரில் நிறையப் பேருக்கு உண்டு என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது காதுக்கு ஒத்துப்போவதால் சொன்ன உறவு அல்ல, ஒலிமாற்ற விதிகளின்படி மொழியியலாளர்கள் நிறுவியது.

இதுவரை 'பிரெட்' என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. காரணம், அந்தக் காலத்தில் ரொட்டிக்கு அது பெயரே அல்ல. ரொட்டி என்றால் ஹ்லாஃப்தான். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா விவிலியத்தைக் கோத்திக் மொழியில் பெயர்த்தபோது எழுதியதும் 'ஹ்லைஃப்ஸ்'. ரஷ்யர்களின் 'க்லேப்', ஃபின்லாந்துக்காரர்களின் 'லெய்பா' எல்லாம் ஜெர்மானியக் கூட்டத்திடம் இரவல் வாங்கியவை. 'பிரெட்' என்பதன் பழைய வடிவம் பழைய ஆங்கில ஏடுகளில் அபூர்வமாகத் தலைகாட்டுகிறது. தேனடையைக் குறிக்கும் கூட்டுச்சொல்லில் வருகிறது. துண்டு, விள்ளல் என்ற பொருளிலும் வருகிறது. இதை வைத்துத்தான் ஒரு சாரார் 'பிரெட்' முதலில் பிட்ட துண்டைக் குறித்தது, பிறகு ரொட்டித் துண்டை, அப்புறம் ரொட்டியையே குறித்தது என்கிறார்கள். இன்னொரு சாரார் மது காய்ச்சுவதற்கான 'புரூ' என்ற சொல்லோடு இதைச் சேர்த்து, நொதித்துப் பொங்கிய பண்டம் என்று பொருள் சொல்கிறார்கள். நொதிக்கும் ரொட்டி, நொதிக்கும் பீர் என்ற பொருத்தம் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய ஏடுகளின் சாட்சி துண்டின் பக்கம் சாய்கிறது என்பது என் கருத்து. ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் சாண்ட்விச்சுக்குப் பெயர் 'பீஸ்'. பள்ளிக்கூடத்துக்குப் பீஸ் கட்டிக்கொண்டு போனேன் என்பார்கள்.

1200 வாக்கில் 'பிரெட்' அரியணை ஏறிவிட்டது. ஹ்லாஃப் முன்னெழுத்தை இழந்து 'லோஃப்' ஆகி, சுட்டெடுத்த ஒரு முழு ரொட்டியைக் குறிக்கும் அளவுச் சொல்லாகச் சுருங்கிற்று. துண்டைக் குறித்தது முழுமைக்கும், முழுமையைக் குறித்தது எண்ணிக்கைக்கும் இடம் மாறிய கதை இது. லண்டன் கீழ்த்தட்டு மக்கள் 'லோஃப் ஆஃப் பிரெட்' என்பதை, தலை என்று பொருள்படும் 'ஹெட்' என்ற சொல்லோடு எதுகை சேர்த்து, தலைக்கே 'லோஃப்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மூளையைக் கொஞ்சம் பயன்படுத்து என்பதற்கு, லோஃபைப் பயன்படுத்து என்று சொல்வது அப்படி வந்ததுதான்.

லத்தீன் வழி வந்த இன்னொரு கிளை உண்டு. லத்தீனில் ரொட்டி 'பானிஸ்'. 'கோம்' என்பது கூட, சேர்ந்து. சேர்ந்து ரொட்டி தின்பவன் 'கம்பானியோ'. கோத்திக் மொழியில் கூட்டாளிக்கு 'கஹ்லைபா', அதாவது கூட ரொட்டி உண்பவன், என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதன் அச்சிலேயே லத்தீன்காரர்கள் இதை வார்த்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. கம்பானியோ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து 'கம்பானியன்' ஆனது. கூட்டாளிகள் சேர்ந்தால் 'கம்பெனி'. 1600இல் எலிசபெத் ராணியிடம் பட்டயம் வாங்கிக் கப்பலேறிய வணிகக் கம்பெனியைத்தான் நம் முன்னோர் கும்பினி என்றார்கள். கும்பினியான் வந்தான், கும்பினிப் பட்டாளம் வந்தது என்று நாட்டுப்புறத்தில் பேசியபோது, ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்னும் பங்காளிகள் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. பங்கு போட்டது யாருடைய ரொட்டியை என்பது வேறு கதை.

ரொட்டியைப் புனிதச் சொல்லாக்கியதில் விவிலியத்துக்குப் பெரும் பங்கு. இயேசு கற்பித்த ஜெபத்தில் அன்றாட உணவைக் கேட்கும் வரி பழைய ஆங்கிலத்தில் ஹ்லாஃப் கேட்டது. 14ஆம் நூற்றாண்டு விக்லிஃப் பெயர்ப்பிலும் 1526இல் அச்சான டிண்டேல் பெயர்ப்பிலும் பிரெட் கேட்கிறது. ரொட்டி காப்பவன் என்று பெயர் பெற்ற லார்டிடம் ரொட்டி கேட்பது எவ்வளவு பொருத்தம் என்பதை டிண்டேல் காலத்து ஆங்கிலேயன் கவனித்திருக்க மாட்டான். மனிதன் ரொட்டியால் மட்டும் வாழ்வதில்லை, உன் ரொட்டியைத் தண்ணீரின்மேல் போடு, சோம்பலின் ரொட்டியைத் தின்னாதே என்பவையெல்லாம் இந்த வழியில் அன்றாட ஆங்கிலத்துக்குள் வந்தவை. தமிழில் விவிலியம் பெயர்த்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த ஐந்து ரொட்டிகளை 'அப்பம்' ஆக்கினார்கள். ஜெபத்தில் மட்டும் புராட்டஸ்டன்ட் பெயர்ப்பு 'ஆகாரம்' என்றும் கத்தோலிக்கர் வழக்கு 'உணவு' என்றும் போட்டுக்கொண்டன. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். தினமும் அப்பம் கேட்டு ஜெபிப்பது சோறு தின்னும் ஊரில் பலகாரத்துக்கு ஆசைப்படுவதுபோல ஒலித்திருக்கும்.

சாமியிடம் கேட்ட ரொட்டி இப்படி. கடையில் வாங்கிய ரொட்டிக்கு அரசாங்கமே காவல் நின்றது. மூன்றாம் ஹென்றி காலத்தில், 1266 வாக்கில், ரொட்டிக்கும் பீருக்குமான அளவுச் சட்டம் வந்தது. அதன் விந்தை என்னவென்றால், ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை விலை ஏறினால் ஒரு பென்னி ரொட்டி சிறுக்கும், இறங்கினால் பெருக்கும். நம் பெட்டிக்கடையில் தொங்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் விலை ஏறாமலே இளைத்துக்கொண்டு வருவது போலத்தான். இங்கே கம்பெனி தன் இஷ்டத்துக்கு இளைக்க வைக்கிறது, அங்கே எவ்வளவு இளைக்கலாம் என்று சட்டமே அட்டவணை போட்டது. இந்த ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டுவரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது.

எடை குறைத்து மாட்டிய ரொட்டிக்காரனுக்கு என்ன நடக்கும் என்பதை லண்டன் நகர ஆவணமான 'வெள்ளைப் புத்தகம்' சொல்கிறது. 1419இல் தொகுத்தது. முதல் தடவை என்றால், குறைந்த ரொட்டியைக் கழுத்தில் கட்டி, தட்டிப் பலகையில் கிடத்தி, அழுக்கு நிறைந்த பெரிய தெருக்கள் வழியாக இழுத்துப் போவார்கள். இரண்டாம் தடவை, தலையையும் கையையும் மாட்டும் தண்டனைக் கட்டையில் ஒரு மணி நேரம். மூன்றாம் தடவை அவன் அடுப்பை இடித்துத் தள்ளி, இனி இந்தத் தொழில் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். இந்தப் பயத்தால்தான் டஜனுக்கு ஒன்று கூட்டிப் பதின்மூன்றாகக் கொடுத்தார்கள், 'பேக்கரின் டஜன்' என்பது அப்படி வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வேறொரு விளக்கமும் உண்டு. தெருவில் கூவி விற்கும் பெண்களுக்குப் பன்னிரண்டின் விலைக்குப் பதின்மூன்று ரொட்டி கிடைக்கும், அந்தப் பதின்மூன்றாவதுதான் அவர்கள் லாபம் என்பது அது. எடைக்குப் பயந்தவன் ரொட்டியைக் கனமாகச் சுட்டாலே போதுமே, எண்ணிக்கையை ஏன் கூட்டினான் என்று கேட்டால் இரண்டாவது விளக்கமே நிற்கும்.

1327இல் நடந்த ஒரு வழக்கு இதைவிடச் சுவையானது. வீட்டில் அடுப்பு இல்லாத லண்டன்வாசிகள் மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு ரொட்டிக்காரனிடம் போவார்கள். அவன் கூலிக்குச் சுட்டுத் தருவான். ஜான் பிரிட் என்ற ரொட்டிக்காரன் மாவு வைக்கும் மேசைப் பலகையில் ஒரு துளை போட்டு, எலிப்பொறிக்கு வைப்பதுபோல அதற்குத் திறந்து மூடும் கதவும் வைத்திருந்தான். வாடிக்கையாளர் கண்முன்னே மாவு மேசையில் இருக்கும். மேசைக்கு அடியில் அவன் வீட்டு ஆள் ஒருவன் உட்கார்ந்து துளை வழியாக மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கீழே இழுத்துவிடுவான். ஒருவன் மாட்டியதும் இன்னும் பலர் மாட்டினார்கள். மேசைக்கடியில் களவு மாவு இருந்தவர்கள் அந்த மாவையே கழுத்தில் தொங்கவிட்டுத் தண்டனைக் கட்டையில் நிற்க வேண்டும் என்று தீர்ப்பானது. துளை இருந்து மாவு கிடைக்காதவர்கள் மாவு மாலை இல்லாமல் நின்றார்கள். பிடிபட்ட பெண்கள், இது எங்கள் புருஷன்மார் செய்த வேலை என்றார்கள்.

ரொட்டி எடைச் சட்டம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் 2024 பிப்ரவரியில் நுகர்வோர் அதிகாரசபை ஒரு முழுப் பாணின் எடை 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று வரையறுத்துக் கடைகளில் சோதனைக்கு இறங்கிற்று. பாண் என்ற சொல் போர்த்துக்கீசியரின் 'பாவ்ங்', அதன் தாய் மேலே சொன்ன லத்தீன் பானிஸ். ஈழத்துத் தமிழர் காலையில் பாணும் சம்பலும் சாப்பிடும்போது கம்பானியனின் ரொட்டியைத்தான் தின்கிறார்கள். கடையில் இன்றும் 'ஒரு றாத்தல் பாண்' என்றே கேட்பார்கள். பிரிட்டிஷ் பவுண்டுக்கு அங்கே வைத்த பெயர் றாத்தல்; அரசாங்கம் விதித்த 450 கிராம் கிட்டத்தட்ட அந்த ஒரு றாத்தல்தான்.

மரபுத்தொடர்களுக்கு வருவோம். ஜான் ஹேவுட் 1546இல் அச்சிட்ட பழமொழி நூலிலேயே இரண்டு கிடைக்கின்றன. ரொட்டியே இல்லாததற்கு அரை ரொட்டி மேல் என்பது ஒன்று. தன் ரொட்டியில் எந்தப் பக்கம் வெண்ணெய் என்று தெரிந்தவன் என்பது மற்றது. யாரை அனுசரித்தால் பிழைப்பு ஓடும் என்று தெரிந்தவனைச் சொல்வது. அடுத்தவன் பிழைப்பைக் கெடுப்பதை வாயிலிருக்கும் ரொட்டியைப் பறிப்பது என்பார்கள்; நாம் வயிற்றில் அடிப்பது என்போம். பிழைப்புக்கான வேலை 'பிரெட் அண்ட் பட்டர்'. குடும்பத்துக்குச் சம்பாதிப்பவர் 'பிரெட்வின்னர்'. இதில் 'வின்' என்பதை ஜெயிப்பது என்று எடுத்துக்கொண்டால் பொருள் நழுவிவிடும். பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குப் போராடுதல், பாடுபடுதல் என்று பொருள். இந்தச் சொல் முதலில் ஆளைக் குறிக்கவில்லை, பிழைப்புக்கு உதவும் கருவியைக் குறித்தது. தறியோ கோடரியோ ஆளை முந்திக்கொண்டது.

'அப்பர் கிரஸ்ட்', அதாவது ரொட்டியின் மேல்தோல், என்றால் மேட்டுக்குடி. அடுப்புத் தரையில் கருகிய அடிப்பாகம் வேலையாட்களுக்கு, நடுப்பாகம் குடும்பத்துக்கு, மேல்பாகம் விருந்தினருக்கு என்று பங்கிட்டதால் வந்த சொல் என்ற கதை 1999 வாக்கில் மின்னஞ்சல்களில் சுற்றி, இன்றும் சுற்றுலா வழிகாட்டிகள் வாயில் வாழ்கிறது. அப்படி ஒரு பொது வழக்கம் இருந்ததற்குக் காட்டப்படும் ஆதாரம் மெலிந்தது: 1460 வாக்கில் ஜான் ரஸ்ஸல் என்பவர் பணியாளர்களுக்காக எழுதிய உபசரிப்புக் கையேடு, எஜமானுக்கு மேல்தோலை நறுக்கித் தரச் சொல்கிறது. ஆனால் மேட்டுக்குடி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஏட்டில் ஏறுகிறது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று உவமை சொல்ல இடையே நானூறு ஆண்டு காத்திருக்கும் வழக்கம் தேவையில்லை.

ரொட்டியின் நிறத்திலும் அந்தஸ்து ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளை ரொட்டி துரைக்கு, தவிட்டு ரொட்டி ஏழைக்கு. 18ஆம் நூற்றாண்டில் ஏழைகளும் வெள்ளை ரொட்டிக்கு மாறிவிட்டார்கள், அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. தானியப் பஞ்சத்தில் 1800 இறுதியில் நாடாளுமன்றம், மாவாலைகள் தவிட்டோடு சேர்ந்த முழுமாவைத் தவிர வேறு அரைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் விஷச் சட்டம். இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காமல் திரும்பப் பெற்றார்கள். அந்தக் காலத்து ரொட்டிக் கலவரங்களைப் பற்றி இ. பி. தாம்ஸன் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கூட்டம் பசி வெறியில் கொள்ளையடித்தது என்ற பழைய எண்ணத்தை உடைத்தது. பல ஊர்களில் கூட்டம் தானியத்தைக் கைப்பற்றி, நியாயமென்று தான் கருதிய விலைக்கு விற்று, பணத்தை உரியவனிடமே கொடுத்திருக்கிறது. ரொட்டி காக்க வேண்டியவன் காக்காவிட்டால் நாங்களே காத்துக்கொள்கிறோம் என்பதுபோல.

1815இல் வந்த தானியச் சட்டங்கள் வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்து நிலப்பிரபுக்களின் வருமானத்தைக் காத்தன. எதிர்த்தவர்கள் கையிலெடுத்த சின்னம் பெரிய ரொட்டி, சின்ன ரொட்டி: சட்டம் போனால் உனக்கு இது, இருந்தால் அது. 1846இல் சட்டம் போயிற்று, சின்னம் போகவில்லை. இறக்குமதிக்கு மறுபடி வரி வேண்டும் என்று பிரச்சாரம் செய்த ஜோசப் சேம்பர்லேன் 1903 நவம்பரில் பர்மிங்ஹாம் மேடையில் இரண்டு ரொட்டிகளைத் தூக்கிக் காட்டினார். ஒன்று வரிக்கு முந்தியது, இன்னொன்று பிந்தியது. எது பெரியது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள் என்றார். அடுத்த பொதுத்தேர்தலில் அவர் சார்ந்த கூட்டணி படுதோல்வி அடைந்தது.

'பிரெட்லைன்' அமெரிக்கச் சரக்கு. நியூயார்க்கின் பிராட்வேயும் பத்தாம் தெருவும் கூடும் முனையில், கிரேஸ் தேவாலயத்தை ஒட்டி, ஃப்ளைஷ்மன் குடும்பத்தின் வியன்னா பேக்கரி இருந்தது. 1876க்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே நள்ளிரவில் மிஞ்சிய ரொட்டியை இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். அதற்கு நின்ற வரிசைதான் பிரெட்லைன். அட்லாண்டிக் தாண்டி பிரிட்டனுக்குப் போனதும் அந்த 'லைன்' ஆட்கள் நிற்கும் வரிசையாக இல்லாமல் வறுமைக் கோடாக மாறிவிட்டது. இரண்டு உலகப் போர்களிலும் ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை போடாத அதே பிரிட்டன், போர் முடிந்தபின் 1946 ஜூலையிலிருந்து இரண்டு ஆண்டுகள் போட்டது.

பிசைந்த மாவான 'டோ' 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கொச்சையில் பணமானது. 20ஆம் நூற்றாண்டில் ஜாஸ் இசைக்காரர்கள் 'பிரெட்' என்றாலும் பணம்தான் என்றார்கள். இவற்றையெல்லாம் விடப் பரவியது, 'நறுக்கிய ரொட்டிக்குப் பிறகு வந்த மகத்தான விஷயம்' என்ற பாராட்டு. ரொட்டியை மெல்லிய துண்டுகளாக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர் அயோவாக்காரரான ஓட்டோ ரோவெடர். 1917இல் ஒரு தீ விபத்தில் அவர் மாதிரி இயந்திரமும் வரைபடங்களும் சாம்பலாகிவிட, மறுபடி தொடங்கினார். நறுக்கிய ரொட்டி 1928 ஜூலை 7 அன்று மிஸௌரி மாநிலத்துச் சில்லிகாத்தி ஊரில் விற்பனைக்கு வந்தது. அன்றைய விளம்பரம் அதை, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி விற்க ஆரம்பித்ததற்குப் பிறகான பெரிய முன்னேற்றம் என்று புகழ்ந்தது. பின்னாளில் எல்லாவற்றுக்கும் அளவுகோலான பண்டத்தை அப்போது அளக்க மேலுறைதான் கிடைத்தது.

போர்க்காலத்தில் 1943 ஜனவரி 18 அன்று அமெரிக்க உணவு நிர்வாகத்துக்குப் பொறுப்பான கிளாட் விக்கார்ட் நறுக்கிய ரொட்டிக்குத் தடை போட்டார். நறுக்கிய ரொட்டி சீக்கிரம் காய்ந்துபோகும், அதனால் கனமான மெழுகுத்தாள் வேண்டியிருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவசரமாகக் கணவனையும் பிள்ளைகளையும் அனுப்பும் காலையில் இத்தனை துண்டுகளை நான் கையால் நறுக்க வேண்டுமா என்று குடும்பத்தலைவிகள் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். மார்ச் 8 அன்று விக்கார்டே தடையை விலக்கினார். எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் மிச்சமாகவில்லை என்று அறிவிப்பில் சொன்னார்.